பைப்படியில் முளைத்த கீழ்க்காய்நெல்லி

பைப்படியைச் சுற்றி கீழ்க்காய்நெல்லி முளைத்து நிற்கிறது, புள்ள. நாம் பிழிந்து வீசிய சக்கையில் கிடந்த விதைகள் ஒரு மழைக்கே எழும்பிவிட்டன. இன்று காலை முகம் கழுவக் குனிந்தேன். அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியது. அதன்பிறகு எழும்ப முடியவில்லை.

உனக்குக் காசநோய் என்றதும் உன் உம்மா, என் மாமி, கேட்டது ஒன்றுதான்: "ஊருக்குத் தெரிஞ்சா என்ன கதைப்பாங்க?" தினமும் கிளினிக்குக்கு வந்து அங்குள்ளவர்கள் கண்முன்னே குளிசை விழுங்க வேண்டும், இல்லாவிட்டால் பொறுப்பான ஒருவர் வீட்டில் நின்று பார்க்க வேண்டும் என்றார்கள். நான் பார்க்கிறேன் என்றேன். நீ விழுங்கியதும் கிளினிக் அட்டையில் அன்றைய கட்டத்தில் கையெழுத்து வைப்பது என் வேலையானது.

அந்தக் குளிசையால் முதல் மாதமே ஈரல் ரிப்போட்டில் அளவு ஏறியது. சோற்றைக் கண்டாலே உனக்கு வாந்தி. "குளிசைய நீங்களா நிப்பாட்டாதீங்க. கண் மஞ்சளானா, வாந்தி கூடினா உடனே வாங்க. நாட்டு மருந்து ஒண்டும் சேர்க்க வேணாம்" என்றார் டொக்டர். நானோ திரும்பும் வழியிலேயே நற்பிட்டிமுனை வயல் வரம்பில் பைக்கை நிறுத்திச் செடி பிடுங்கினேன். ஈரலைக் காக்கும் என்று மாமி சொன்னார். போனிலும் அப்படித்தான் போட்டிருந்தது.

"மில்லுல மெஷினுக்கு ஒயில் ஊத்துற மாதிரி என்ட ஈரலுக்கும் ஊத்தப் போறீங்களா மச்சான்?"

"ஓம் புள்ள. சத்தமில்லாம ஓடணுமே."

பிறகு ஒவ்வொரு காலையும் நான் சாறு அடிக்க பிளெண்டருக்கு முன்னால். குளிசையோடு நீ என் முதுகுக்குப் பின்னால். "முழுங்கிட்டியா?" "ஓம் மச்சான்." திரும்பிப் பார்க்காமலே கையெழுத்து வைத்தேன். அரிசி மில்லில் ஓட்டிப் பார்க்காமல் ஒரு மெஷினுக்கும் நான் கையெழுத்து வைத்ததில்லை.

அடுத்த ரிப்போட் இறங்கியது. அதற்கடுத்தது இன்னும் இறங்கியது. நான் போனில் கோடு வரைந்து காட்டினேன். "பாத்தியா, சாறு வேலை செய்யிது!" நீ கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். "வேற ஏதும் குடிக்கிறாவா?" என்று டொக்டர் கேட்டபோது நான் "இல்ல" என்றேன். நீ நிலத்தைப் பார்த்தாய்.

இருமல் திரும்பி வந்தது. பிறகு இரத்தம். பிறகு வார்ட். பிறகு ஜனாஸா, அடக்கம்.

நாற்பதாம் நாள் கத்தம் முடிந்த பிறகுதான் உன் தையல் மெஷின் லாச்சியைத் திறந்தேன். வெட்டிய துணித் துண்டுகளுக்குள் செங்கல் நிறக் குளிசைகள். மருந்து உள்ளே போகாததால்தான் ஈரல் ஆறியிருக்கிறது. ஏன் புள்ள? வாந்தி தாங்க ஏலாமலா? நான் வரைந்த கோட்டைக் கெடுக்க மனம் வராமலா? ஒரு சொல் சொல்லியிருந்தால் டொக்டர் ஏதாவது வழி பார்த்திருப்பாரே. ஒரு தடவை நான் திரும்பியிருந்தால்?

உன் பெயர் கெடக் கூடாதென்று லாச்சியை மூடிவிட்டு இருந்தேன். இன்று நான் பைப்படியில் குந்தியிருக்க, மாமி வந்து செடியைக் கொத்தாகப் பிடுங்கினார். "பக்கத்து வீட்டுப் புள்ளைக்கும் அதே குளிசையாம், மகன். ஈரல் ஏறிட்டாம். என்ட மகளுக்கு எறங்கினதுதானே, குடுத்துட்டு வாறன்."

"நில்லுங்க மாமி."

உள்ளே போய், குளிசைகளை அள்ளி வந்து அவர் கையில் வைத்தேன்.

"இது என்ன?"

"ஒங்கட மகள் முழுங்காதது."

விரலால் குளிசைகளைப் புரட்டிப் பார்த்தார். "அப்ப சாறு?"

"சாறு ஒண்டும் செய்யல்ல மாமி."

மாமி அழவில்லை. செடியை நிலத்தில் போட்டார். "போய்ச் சொல்லுங்க" என்றார்.

போனேன். அந்தப் பெண்ணின் புருஷன் பிளெண்டரைக் கழுவிக்கொண்டிருந்தான். "என்ன குடுத்தாலும் டொக்டருக்கிட்ட சொல்லிட்டுக் குடுங்க தம்பி" என்றேன். "அவ முழுங்கக்குள்ள முகத்தப் பாருங்க."

உன் அட்டை என் சட்டைப் பையில் இருக்கிறது. ஒரு கட்டமும் வெறுமையில்லை, எல்லாவற்றிலும் என் கையெழுத்து. அதில் ஒன்றுகூட உன் முகத்தைப் பார்த்து வைத்ததல்ல.