பதினாறாம் நாள் இலைக்குக் காய் இல்லை

12 ஜூலை 2021
என் வீட்டுக்காரர் போய் இன்றோடு ஏழு நாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கொண்டுபோய் எரித்துவிட்டார்கள். முகம் காட்டவில்லை. எனக்கும் அதே கொரோனா, வீட்டை விட்டு இறங்கக் கூடாது. வாசலில் அவருடைய காய்கறி வேன் நிற்கிறது. கடைசியாக ஏற்றிய கீரையும் கத்தரிக்காயும் உள்ளேயே அழுகி நாறுகிறது. அவர் கை அடுக்கியது. எப்படி எடுத்துக் கொட்டுவேன்?

14 ஜூலை
சுகாதார ஆள் வந்து, நோயாளி என்று கையில் கட்டியிருந்த பட்டையை வெட்டினார். இனி வெளியே போகலாமாம். எங்கே போக?

15 ஜூலை
எதிர்வீட்டுக் காளியம்மா அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்.
"நவமணி, வேன இனி யாரு ஓட்டுவா? ரெண்டு வாரமா முட்ட, சார்டின், முட்ட, சார்டின். புள்ளைங்களுக்கு வயிறே எளகல லா."
ஊரடங்கு. பீடோர் டவுனுக்குப் போகிற ரோட்டில் போலீஸ் எல்லாரையும் திருப்பி அனுப்புகிறது. அனுமதிக் கடிதம் அவர் பேரில் மட்டும்தான் இருந்தது.
எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ — "உங்களுக்குக் கீரை கொண்டாரப் போயித்தானே செத்தாரு! சார்டினயே தின்னுங்க!" என்று கத்திவிட்டேன். அக்கா திரும்பிப் போனார்.

17 ஜூலை
வேனைக் கழுவினேன். புழு.

19 ஜூலை
நாளை மறுநாள் பதினாறு. முகத்தைத்தான் பார்க்கவில்லை, ஒரு இலை சோறாவது ஒழுங்காகப் படைக்க வேண்டாமா? கடையில் வெங்காயம்கூட இல்லை. பீடோரில் காய்த் தோட்டம் வைத்திருக்கிற சீனர் போனில் சொல்கிறார், ஏற்ற வண்டியில்லாமல் வெள்ளரிக்காயைக் குழியில் கொட்டுகிறாராம். அங்கே குழியில். இங்கே ஒன்றுமில்லை. இருபது வருஷம் இந்த ரப்பர்த் தோட்டத்து லயத்துக்கெல்லாம் காய் கொண்டுவந்தவர். அவருக்குச் சார்டின் டின்னையா படைப்பேன்?

20 ஜூலை
காலையில் கேட்டில் பிளாஸ்டிக் பைகள். வாழைப்பூ. மரவள்ளிக் கொழுந்து. நாலு கத்தரிக்காய் — காளியம்மா அக்கா பூச்சட்டியில் காய்த்தது, எனக்குத் தெரியும். யாரும் கூப்பிடவில்லை. மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இந்த வாயால்தானே கத்தினேன்.

21 ஜூலை
படைத்தேன். கருமாதிச் சோற்றை நாலு பேர் சாப்பிட்டால்தான் அவருக்குச் சேரும். வீட்டுக்குள் யாரையும் கூப்பிட முடியாது. ஏழு பொட்டலம் கட்டி ஏழு கேட்டில் மாட்டினேன்.
பொழுது சாயப் பார்த்தால் ஆறு அப்படியே தொங்குகிறது. நோய் வீட்டுச் சோறு. நானாக இருந்தால் தொட்டிருப்பேனா?
காளியம்மா அக்கா மட்டும் வேலியோரம் வந்து, முகக்கவசத்தை இறக்கிவிட்டு, நான் பார்க்க நின்றபடியே ஒரு பருக்கை விடாமல் தின்றார்.
"உப்பு கூடிப்போச்சுடி," என்றார்.
இருக்கும். நோய் வந்ததிலிருந்து என் நாக்குக்கு ஒன்றும் தெரிவதில்லை.