அப்பா கொண்டுவந்த நீல டிரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

மில்டூராவில் வெயில் தணிந்ததா? உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம்.

சிட்னியில் அப்பா வேலை பார்த்த பூச்சிமருந்து ஆலை இருந்த இடத்தில் அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். அந்த மண்ணில் எவ்வளவு விஷம் என்று சோதிப்பது இப்போது என் வேலை. நேற்றுத் தோண்டிய குழியிலிருந்து நீல டிரம்கள் வந்தன. அப்பா அங்கிருந்து கொண்டுவந்து, இப்போது உங்கள் தோட்டத்தில் மழைநீர் பிடிக்கும் அதே டிரம், அதே மஞ்சள் பட்டை.

"என்ன ப்ரொபசரு, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" என்றான் மண் தோண்டும் எந்திரம் ஓட்டும் வேய்ன்.

"எங்கம்மா இதுலேர்ந்துதான்டா தக்காளிக்குத் தண்ணி ஊத்துறாங்க."

அவன் எஞ்சினை அணைத்துவிட்டான்.

கழுவி வீட்டுக்கு எடுத்துப் போ என்று அப்பாவிடம் தாராளமாகக் கொடுத்த ஆலைக்காரர்களை நான் மன்னிக்க மாட்டேன். எத்தனை முறை கழுவினாலும் அந்த விஷம் போகாது, அம்மா.

பயப்படாதீர்கள். டிரம்மைத் தொட வேண்டாம். அந்தத் தக்காளியில் நீங்கள் செய்த சாஸ் புட்டி எதையும் திறக்க வேண்டாம்; தம்பி ரென்சோவின் குழந்தைகளுக்கும் கொடுக்காதீர்கள். எனக்கு அனுப்பியதை இது தெரியும் முன்பே தனியாக உட்கார்ந்து தீர்த்துவிட்டேன். வழக்கம்போல நல்ல ருசி.

இந்தக் கடிதம் வந்து சேர ஒரு வாரமாகும் என்பது இப்போதுதான் உறைக்கிறது. உடனே போன் செய்கிறேன். நீங்கள் இருக்கும் வீட்டை ரென்சோ தன் பெயருக்கு எழுதி வாங்கிய பிறகு அவனோடு நான் பேசியதில்லை. அவனே எடுத்தாலும் பேசுகிறேன்.

உங்கள் மகன்
லூச்சானோ