பட்டாளத்துக்குப் போன குற்றாலம் பஸ்

10.11.1943

அன்புள்ள அலிமாவுக்கு மூசா சலாம் சொல்லி எழுதுவது. நான் சுகம். நீயும் உம்மாவும் சுகமா?

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நான் ஓட்டிய பஸ்ஸைப் பட்டாளத்தார் எடுத்தார்களே, அதன் கூட்டைக் கழற்றிவிட்டு அதே சேஸிஸ் சட்டத்தின் மேல் லாரிக்கூடு ஏற்றிவிட்டார்கள். இங்கே போர்முனையிலும் அதைத்தான் ஓட்டுகிறேன். செவ்வாயன்று மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. பக்கத்திலிருந்த நம்ம சுரண்டை ஊர்ப் பையன் தளவாய், "அண்ணாச்சி, குதிச்சிருங்க!" என்று கத்தினான்.

"பின்னால இருபது நோயாளிக கிடக்காவ. எப்படிலே குதிக்க?" என்றேன்.

பாறையோடு உரசி நிறுத்தினேன். எல்லோரும் பிழைத்தார்கள். எனக்குக் கையில் சின்னக் கட்டுதான். அதனால் நான் சொல்லச் சொல்லத் தளவாய் எழுதுகிறான்.

கைத்தறித் துண்டு ஒன்றும் கொஞ்சம் சுக்கும் அனுப்பு. பிள்ளை பிறந்தால் ஏழாம் நாளே பெயர் வைத்துவிடு. எனக்காகக் காத்திருக்காதே.

தபால் வண்டி கிளம்புகிறது.

உன் மூசா