கல்லானாலும்

என் கணவருக்கு,

நானும் உங்கள் அக்காவும் குடைவரைக் கோயில் பார்க்க வந்திருக்கிறோம். வழிகாட்டி என் இடப்பக்கம் நின்றார். போன வாரத்திலிருந்து அந்தக் காது கேட்பதில்லை என்று அவருக்குத் தெரியாது. நானே மாறி நின்றுகொண்டேன்.

அன்று என் மூக்கில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தபடி, "கல்லானாலும் கணவன், பொறுத்துக்கோம்மா" என்றவர் உங்கள் அக்காதான்.

"முழுப் பாறைங்க. உளியால கொத்திக் கொத்தியே இவ்வளவு உள்ள போயிருக்காங்க," என்றார் வழிகாட்டி.

அக்கா சுவரை வெகுநேரம் தடவினார். பிறகு என் நல்ல காதில், "கல்லுன்னா சும்மா விடணும்னு யாரு சொன்னா?" என்றார்.

வாசலில் சிலை கொத்துகிறவரிடம் உளியும் சுத்தியலும் வாங்கியாயிற்று. நாளை வீட்டுக்கு வருகிறோம். நீங்கள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாலும் பரவாயில்லை.

கல்லுக்கு வாழ்க்கைப்பட்டவள்