தண்ணீர் குடிக்கப் போனவளின் மூன்றாவது பிள்ளை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் சுகம்தான் என்று தெரியும், வாரா வாரம் செல்போனில் பார்க்கிறேனே, கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாய். எனக்குக் கண் ஆபரேஷன் முடிந்து பத்து நாளாகிறது, எழுத்து கோணலாக இருந்தால் கண்ணைக் குறை சொல், என்னைச் சொல்லாதே.

நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். உலகத்தில் எண்ணூறு கோடிப் பேர் ஆகிவிட்டார்களாம், அதனால் உங்களுக்குப் பிள்ளையே வேண்டாமாம். யாருக்கடா பாடம் எடுக்கிறாய்? முப்பத்தொரு வருஷம் நர்சாக வீடு வீடாகப் போய், இரண்டோடு நிறுத்து என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினவள் நான். அடுக்கடுக்காகப் பெற்றுப் பிரசவத்தில் செத்தவர்களைப் பார்த்தவள், அது தப்பென்று இப்போதும் சொல்லமாட்டேன். உனக்குப் பிறகு ஒரு பெண் வேண்டும் என்று அப்பா கெஞ்சினார், இரண்டு என்று சொல்கிற நானே ஒன்றோடு நின்று காட்டினால்தான் ஊர் என் பேச்சைக் கேட்கும் என்று அவர் வாயை அடைத்தேன், அந்த ஆசையோடுதான் போனார் மனுஷன். இப்போது நம் தெருவில் இருபத்தாறு வீட்டில் ஒன்பது பூட்டிக் கிடக்கிறது. பிரசவ வார்டை மூட்டுவலிக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள், தொட்டில்கள் மொட்டைமாடியில் துருப்பிடிக்கின்றன. நான் எடை போட்ட குழந்தைகள் ஆளுக்கொரு தேசத்தில் இருக்கிறார்கள், உன்னையும் சேர்த்து.

ஆபரேஷன் தேதியைச் சொன்னதற்கு, லீவு கிடைக்காதும்மா, ஆள் வைத்துக்கொள் என்றாய். கூலிக்கு ஆள் கிடைக்கும், ஆனால் சொந்தக்காரர் கையெழுத்து இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்று கவுன்ட்டரில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். எண்ணூறு கோடியில் எனக்கென்று கையெழுத்துப் போட ஒரு ஆள் இல்லை.

தெருமுனைத் தையல்காரியை உனக்கு நினைவிருக்கும். இரண்டு பையன்கள் பிறந்ததும் அவளைக் கருத்தடை முகாமுக்கு இழுத்துக்கொண்டு போனேன், "தண்ணி குடிச்சிட்டு வந்துடறேங்க்கா" என்று பின்வாசல் வழியாகப் போனவள்தான், அடுத்து நான் பார்த்தபோது வயிறு நாலு மாசம். வீட்டு வாசலில் நின்று நாலு பேர் கேட்கத் திட்டினேன். பிறந்த பெண்ணுக்கு 'மூணாவது' என்று நான் வைத்த பட்டப்பெயர்தான் இன்றுவரை தெருவில் நிலைத்திருக்கிறது. அந்தப் பையன்களும் உன்னைப் போலப் பறந்துவிட்டார்கள். மூணாவது இங்கேயே மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், நான் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கப் போனபோது விஷயம் கேட்டு, "இதுக்குப் போயா கவலைப்படறீங்க பெரிம்மா" என்று இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். எந்தக் குழந்தை பிறக்கக்கூடாது என்று நான் ஒற்றைக் காலில் நின்றேனோ, அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனேன். வெட்கமாக இருந்தது.

பாரத்தில் என்ன உறவு என்று கேட்ட இடத்தில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் 'மகள்' என்று எழுதினாள். பக்கத்தில்தான் நின்றேன், திருத்தவில்லை.

பிள்ளை பெறுவதும் பெறாததும் உங்கள் இஷ்டம், நான் ஊருக்குச் சொன்ன புத்தி போதும். இருவரும் நூறு வயசு நன்றாக இருங்கள். வேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண் என்று ஆஸ்பத்திரியில் இருந்த உன் நம்பரை எடுத்துவிட்டு அவள் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். இனி அங்கிருந்து உனக்குப் போன் வராது, நிம்மதியாகத் தூங்கு.

உன்னை மட்டும் பெற்ற,
அம்மா