நெற்றிச் சூடு

ஜூன் 4

கொரோனா ஊரடங்குக்குப் பிறகு பல் பிரிவைத் திரும்பத் திறந்து இரண்டாவது வாரம். வலி தாங்காதவர்கள், முகம் வீங்கியவர்கள் மட்டும்தான் வரலாம். அவர்களிலும் நாற்காலியில் உட்கார்ந்து வாய் திறக்க முடியாதவர்களுக்குத்தான் நான். முழு மயக்கம் கொடுத்து, மூக்கு வழியாகச் சுவாசக் குழாய் இறக்கி, பல் சர்ஜனிடம் ஒப்படைக்க வேண்டும். ஒரு காலத்தில் இதைச் சொகுசு வேலை என்று கேலி செய்வார்கள். இப்போது மயக்க மருத்துவர் என்றால் லிஃப்டில் கூட ஒருவரும் ஏறுவதில்லை. நியாயம்தான். நோயாளியின் மூச்சுக்கு என்னைவிட நெருக்கமாக முகத்தைக் கொண்டுபோகிறவர் யார்? குழாய் இறங்கும்போது ஒரு இருமல் போதும்.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் குளியலறை. கணவர் ஆசிரியர், அவருக்குப் பள்ளிக்கூடம் இப்போது சமையலறை மேஜையில்தான் நடக்கிறது. கதவுக்கு வெளியே நின்று, "உள்ள போனது என் பொண்டாட்டிதானா? குரல் குடு, சந்தேகமா இருக்கு" என்றார். மாஸ்க் அழுத்தி முகம் அப்படி ஆகியிருந்தது. சிரித்தேன்.

ஜூன் 7

ஒலிபெருக்கி போய்விட்டாள்.

கல்லூரியில் நாங்கள் வைத்த பேர். வார்டின் அந்தக் கோடியில் அவள் பேசினால் இந்தக் கோடியில் கேட்கும். என்னைப் போலவே மயக்க மருத்துவர். வேறு ஊரில் தீவிர சிகிச்சைப் பிரிவு, தொற்று அங்கேதான் பிடித்திருக்கிறது. கடைசி நாட்களில் அவள் தொண்டையிலேயே குழாய் இருந்ததாம். ஒரு வார்த்தை பேச முடியாமல்.

ஜூன் 9

வேலைக்குப் போனேன். கை கழுவினேன். திரும்பக் கழுவினேன்.

ஜூன் 12

இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

இன்று ஒரு கேஸ். இருபது தாண்டிய பெண், ஆனால் மனசு நாலு வயதோடு நின்றுவிட்டது. அவளுடைய அம்மா தையல் வேலை செய்கிறவர். "பாப்பா" என்றுதான் கூப்பிடுகிறார். கீழ்த் தாடையில் கடைவாய்ப்பல் சீழ் பிடித்திருக்கிறது. கன்னம் லேசாக வீங்கியிருந்தது. தொற்றுப் பரிசோதனை நெகட்டிவ். எல்லாம் தயார்.

வாசலில் நெற்றிச் சூடு பார்த்தபோது கொஞ்சம் அதிகம் காட்டியது. வெயிலில் வரிசையில் நின்றிருந்தார்கள். இப்படி இருந்தால் நிழலில் உட்காரவைத்து மறுபடி பார்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. நானே பார்க்கிறேன் என்று கருவியை வாங்கிக்கொண்டேன்.

பாப்பா என்னைப் பார்த்துச் சிரித்து, வாயை மறைத்துக்கொண்டு இருமினாள். ஒரே ஒரு இருமல். எச்சில் புரையேறியிருக்கும்.

கருவி இப்போது சாதாரணச் சூட்டைத்தான் காட்டியது.

நான் திரும்பி, "இன்னும் இருக்கு" என்றேன்.

பல் சர்ஜன் சின்னப் பையன் மாதிரி இருப்பார், ஆனால் கெட்டிக்காரர். "வேற தொந்தரவு ஒண்ணும் இல்லையே மேடம்?" என்றார்.

"நெகட்டிவ்னு வந்தாலும் நம்ப முடியாது. மாத்திரை குடுத்து அனுப்புங்க. அடுத்த வாரம் பாக்கலாம்."

அவர் மாத்திரைச் சீட்டை எழுதினார். அந்த அம்மா கைகூப்பினார். "நல்ல வேளை, பாத்துச் சொன்னீங்க டாக்டரம்மா. அவசரப்பட்டிருந்தா என்ன ஆயிருக்குமோ."

கைகூப்பினார். என்னைப் பார்த்து.

ஜூன் 13

சாப்பிடும்போது அவர் கேட்டார்: "எனக்குச் சர்க்கரை இருக்கேன்னு பயப்படுறியா?"

"ஆமாங்க" என்றேன்.

பொய். அந்த நிமிஷத்தில் அவர் நினைவே எனக்கு வரவில்லை. என் தொண்டைதான் நினைவில் இருந்தது. என்னுடையது மட்டும்.

ஜூன் 15

ஒரு வாரத் தள்ளிவைப்பில் என்ன ஆகிவிடும்? மாத்திரை கேட்கும். பெரும்பாலும் கேட்கும்.

ஜூன் 17

கேட்கவில்லை.

விடியும் முன்னால் வாந்தி எடுத்திருக்கிறாள், மாத்திரை ஒன்றும் உள்ளே தங்கவில்லை. காலையில் அவசரப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் தாடைக்குக் கீழே கழுத்தே கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. நாக்கு மேலே தள்ளி நிற்கிறது, வாய் ஒரு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. எச்சில் வழிகிறது. படுக்க வைத்தால் மூச்சு அடைத்துக்கொள்கிறது. அம்மாவின் மேல் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். புதுப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க நேரமில்லை.

அவளை ஒரேயடியாகத் தூங்க வைத்துவிட்டு, அப்புறம் குழாய் இறங்காமல் போனால் கதை முடிந்தது. அதனால் அவளாகவே மூச்சு விட்டபடி இருக்க, வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, கேமரா வைத்த மெல்லிய குழாயை மூக்கு வழியாக நகர்த்தினேன். பக்கத்தில் தொண்டை சர்ஜன் கழுத்தைத் திறக்கக் கத்தியோடு தயாராக. அவள் இருமினாள். இருமிக்கொண்டே இருந்தாள். என் முகக் கவசம் முழுக்கத் துளிகள். எதற்குப் பயந்து அன்றைக்கு அனுப்பினேனோ அது அத்தனையும் பல மடங்காகத் திரும்பி வந்து என் முகத்தில். பயப்படக்கூட நேரமில்லை, சீ, இவ்வளவுதானா நீ?

ஒரு முறை திரை இருட்டியது. எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. அப்புறம் மூச்சுக் குழாயின் வளையங்கள் தெரிந்தன. உள்ளே போய்விட்டேன்.

பல் சர்ஜன் சீழை எடுத்தார், பல்லை எடுத்தார். வெளியே வந்து, "தப்பிச்சா மேடம். நீங்க இல்லேன்னா போயிருப்பா" என்றார்.

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜூன் 18

அவளுக்குத் தொற்று இல்லை என்று முடிவு வந்துவிட்டது. அன்றைக்கும் இல்லை, நேற்றைக்கும் இல்லை.

ஜூன் 21

குழாயை எடுத்தாயிற்று. பாப்பா அம்மாவைத் தேடுகிறாள். தாடைக்குக் கீழே தழும்பு நிற்கும்.

பல் சர்ஜனிடம் சொல்லிவிட்டேன். ரெண்டாவது தடவை சூடு சரியாத்தான் இருந்துச்சு, நான்தான் மாத்திச் சொன்னேன்.

அவர் கையுறையைக் கழற்றினார். "கருவியைக் குடுங்க, நானும் பாக்கறேன்னு நான் கேட்டிருக்கலாம் மேடம். கேக்கல. எனக்கும் அன்னைக்கு அந்த அறைக்குள்ள போகப் பிடிக்கல."

அதைக் கேட்டதும் ஒரு கணம் பாரம் குறைந்தது மாதிரி இருந்தது. உடனே அதற்கும் வெட்கப்பட்டேன். அவர் கேட்கவில்லை, சரி. பொய் சொன்னது நான்.

ஜூன் 24

அந்த அம்மாவிடம் சொன்னேன். வார்டுக்கு வெளியே ஒரு பெஞ்சு, இரண்டு ஓரங்களில் நாங்கள். அழக்கூடாது என்று தீர்மானித்துப் போயிருந்தேன். நான் அழுதால் அவர் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிவரும்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. "சூடு இருந்துச்சுன்னுதானே சொன்னீங்க?"

"இல்லம்மா. எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் அப்படிச் சொல்லிட்டேன்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். குரலை உயர்த்தவே இல்லை அவர்.

"பயப்படுறது தப்பில்ல. யாருக்குத்தான் பயமில்ல? பயமா இருக்குன்னு என்கிட்ட சொல்லியிருந்தா நான் அன்னைக்கே வேற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருப்பேனே. நீங்க சொன்னதை நம்பி வீட்டுல உக்காந்திருந்தேன். அவ வலிக்குதுன்னு அழுதப்பகூட, டாக்டரம்மா சொல்லியிருக்காங்க பொறுத்துக்கன்னு அவளை அதட்டினேன். நான் அதட்டினேன் அவளை."



எழுந்து போகும்போது திரும்பாமலே சொன்னார்: "இனிமே அவளை நீங்க தொட வேணாம்."

ஜூன் 25

தலைமை மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். விசாரணை இருக்கும் என்றார். "இதை நீயா வந்து சொல்லணுமா?" என்றும் கேட்டார்.

வீட்டிலும் சொல்லிவிட்டேன், சர்க்கரை விஷயம் உட்பட. அவர், "என் சர்க்கரையையும் இழுத்துவிட்டியா" என்றார். சிரிப்பு வரவில்லை, இரண்டு பேருக்கும்.

ஜூலை 16

பாப்பாவுக்கு மீதமிருந்த இரண்டு சொத்தைப் பற்களை இன்று எடுத்தார்கள். வேறு மயக்க மருத்துவர். நான் காலையிலேயே போய் இயந்திரத்தைச் சோதித்துவைத்துவிட்டு, அவர்கள் வருவதற்குள் மாடிக்குப் போய்விட்டேன். நல்லபடியாக முடிந்ததாம்.

எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. இன்னும் கடுமையாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 19

இன்றைய கேஸ் கைகால் தானாக ஆடிக்கொண்டே இருக்கும் ஒருவர். நடு வயது. அண்ணன்காரர் லாரி ஓட்டுகிறவர், கூட வந்திருந்தார். புது மாஸ்க் வந்திருக்கிறது, வேறு கம்பெனி. போட்டு ஊதிப் பார்த்தால் கன்னத்தோரம் காற்று கசிகிறது. கண்ணாடி மூடுபனி மாதிரி ஆகிவிட்டது. இழுத்துக் கட்டினேன், இன்னும் கசிந்தது. நோயாளியின் பரிசோதனையில் ஏதாவது குறை கண்டுபிடிக்க முடியுமா என்று மனசு தேடியது. தேடியது, எழுதிவைக்கிறேன்.

பல் சர்ஜனைக் கூப்பிட்டேன். "இது எனக்குச் சரியா உக்காரல. பயமா இருக்கு. இதோட உள்ள போக மாட்டேன்."

"அப்ப போகாதீங்க மேடம்" என்றார், சாதாரணமாக. பழைய அளவு மாஸ்க் எங்கேயாவது இருக்கிறதா என்று மற்ற வார்டுகளுக்கு ஆள் அனுப்பினார்.

நேரமானது. அண்ணன்காரர் எழுந்து வந்தார். "என்னம்மா, எவ்ளோ நேரம்? அவன் பட்டினியா கிடக்கான்."

"என்னாலதாங்க லேட். மாஸ்க்ல காத்து கசியுது. பயந்துட்டேன். வேற வந்ததும் ஆரம்பிச்சுடலாம். இல்ல, வேற டாக்டர் வேணும்னாலும் சொல்லுங்க, கூப்பிடறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தம்பி பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார்: "கேட்டியாடா? டாக்டரம்மாவுக்கே பயமாம். காலையிலேர்ந்து நீ மட்டும்தான் பயந்து கிடக்கேன்னு நெனச்சியா?"

தம்பி சிரித்தார். ஆடும் கைகளோடு, வீங்கிய கன்னத்தோடு, வலிக்க வலிக்கச் சிரித்தார்.

மாஸ்க் வந்தது. ஊதிப் பார்த்தேன், கசியவில்லை. மதியத்துக்குள் பல் வெளியே.