உப்புத் தேநீரும் ஒரு புபுட்டியும்

ஒனோட்டோவா தீவு,
ஞாயிறு, ஆராதனை முடிந்த பின்.

அன்பு மகள் அரோயிட்டாவுக்கு,

நானும் அப்பாவும் பன்றியும் இங்கே சுகம், உன் சுகத்தைச் சொல் என்று தொடங்குவதுதான் முறை, தொடங்கிவிட்டேன். ஆனால் மூவரில் பன்றிக்கு மட்டும்தான் முழுச் சுகம். ஆக்லாந்தில் குளிர் இன்னும் விடவில்லை என்கிறார்கள். கூரை மேல் ஏறிச் சூரியத் தகடு மாட்டும்போது இடுப்புக் கயிற்றைக் கட்டிக்கொள்கிறாயா, இல்லை இங்கே தென்னை மரம் ஏறினது போல அங்கேயும் வீரம் காட்டுகிறாயா? போன பௌர்ணமிக்குக் கடல் ஊருக்குள் வந்துபோனதில் தொலைபேசிக் கோபுரத்தின் பேட்டரி முழுகிப்போயிற்று, அதனால்தான் உன் அழைப்பு எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை, கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. நாளை விமானத்தில் தலைநகர் தராவா போகும் டீச்சரம்மாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், வழியில் பிரித்துப் படிக்காமல் அவரால் இருக்க முடியாது, ஆகவே டீச்சரம்மா, உங்களுக்கும் என் வணக்கம்.

நான் பயிற்சிக்குப் போன கதையில் உனக்குப் பாதிதான் தெரியும். நீ போனபின் ஊர்த் தண்ணீர்ப் பம்பைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று மனேயாபா மண்டபத்தில் கூடிப் பேசினார்கள். கிழவர் தெக்கினைட்டி என் பக்கம் விரலை நீட்டி, “மக அவ வயித்துக்குள்ள இருந்தப்பவே ஒயரப் புடிச்சிருப்பா, அம்மாவுக்குக் கொஞ்சமாவது ஒட்டாமலா போயிருக்கும்” என்றார். அப்படித்தான் ஐம்பத்திரண்டு வயதில், தூண்டில் நரம்பால் கட்டிய மூக்குக்கண்ணாடியோடு தராவாவில் ஆறு வாரம் சூரிய மின்சாரம் படித்தேன். பாடம் நடத்திய மரேவெயா உன்னைவிடச் சின்னவள். முதல் நாளே என் கையிலிருந்த ஒயரைப் பிடுங்கி, “அம்மா, இது ரெண்டும் தொட்டுச்சுன்னா மிச்சப் பாடத்த நாம மேல போய்த்தான் படிக்கணும்” என்றாள். படித்தவர்கள் பன்னிரண்டு பேர். அதில் எட்டுப் பேர் இப்போது வெளிநாட்டில், கடல் ஏறி வரும் தீவில் எப்படிச் சமாளித்து வாழ்வது என்று கற்றுக்கொடுத்த படிப்பின் சான்றிதழைக் காட்டித்தான் போனார்கள். குறையாகச் சொல்லவில்லை, என் மகளே அப்படிப் போனவள்தான், என் முழங்கால் ஒத்துழைத்திருந்தால் ஒன்பதாவதாக நானும் போயிருப்பேன்.

இனி நான் செய்த முட்டாள்தனம். பம்புக்குத் தகட்டிலிருந்து மின்சாரத்தை அளந்து விடும் பெட்டி இருக்கிறதே, அதற்கு மாற்றாக இன்னொரு பெட்டி கொடுத்து, கண்போல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள். கண்போல்தான் பார்த்துக்கொண்டேன், பாய்க்கடியில் வைத்து அதன் மேலேயே தூங்கினேன், முதுகில் அதன் தடம் இன்னும் இருக்கிறது. ஒரு நாள் காலையில் உன் சித்தப்பா பெனியாமினா குளித்து, சட்டை போட்டு, தலையில் எண்ணெய் தடவி வந்து என் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தான். அவன் சட்டை போட்டு வந்தாலே ஏதோ கேட்கப்போகிறான் என்று அர்த்தம். “அண்ணி, புபுட்டியா கேக்கறேன். பாட்டுப் போட்டிக்கு ஒலிபெருக்கி ஓடணும். அந்தப் பெட்டி ஒரு வாரம் வேணும்” என்றான். சொந்தக்காரன் புபுட்டி என்று வாயைத் திறந்து கேட்டபின் இல்லை என்று சொன்னவர் இந்தத் தீவில் இன்னும் பிறக்கவில்லை. ஆறு வாரத்தில் எல்லாம் சொல்லிக்கொடுத்த மரேவெயா இதற்கு என்ன செய்வது என்று மட்டும் சொல்லித்தரவில்லை, அவளும் நம்மூர்க்காரிதானே, அவளுக்கே தெரிந்திருக்காது. கொடுத்தேன். அவன் ஒயரை மாற்றி மாட்டினான். முதல் பாட்டின் இரண்டாம் அடியில் புகை வந்தது. போட்டியில் அவன் கோஷ்டிக்குத்தான் முதல் பரிசு, அது வேறு.

பத்து நாள் கழித்துக் கடல் வந்தது. பம்பில் இருந்த நல்ல பெட்டிக்குள் உப்புத்தண்ணீர் போய்விட்டது. திறந்து துடைத்தேன், காயவைத்தேன், பேசிப்பார்த்தேன், அழுதும் பார்த்தேன். எங்களுக்குக் கழற்றி மாட்டத்தான் கற்றுக்கொடுத்தார்கள், மாட்ட ஒன்றும் இல்லாவிட்டால் நானும் தெக்கினைட்டியும் ஒன்றுதான். நீயாக இருந்தால் உள்ளே கருகிய இடத்தைச் சுரண்டி, ஈயம் உருக்கி வைத்து ஓடவைத்திருப்பாய், அந்த வித்தை உன் கையோடு போய்விட்டது. தராவாவுக்கு ஆள் அனுப்பிக் கேட்டோம், அந்த வகைப் பெட்டி எந்த ஊர்க் கடையிலும் கிடைக்காதாம், செய்து அனுப்பும் புதுப் பெட்டி ஈஸ்டருக்கு முன்னால் வராதாம். பம்பு நின்றதால் ஊருக்கு நல்ல தண்ணீர் இல்லை, மழையும் இல்லை. வீட்டுக் கிணறுகள் கரித்துப்போயின. தீவின் வடமுனைக் கிணற்றுக்குப் படகில் போய் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு வாளி கொண்டுவருகிறோம், அதுவும் நாளுக்கு நாள் கரிக்கிறது. அப்பாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. நர்ஸ் வந்து பார்த்து, “உப்பக் குறைங்க” என்றார். அப்பா, “அப்ப தண்ணி குடிக்கறத நிறுத்தச் சொல்றீங்களா” என்று கேட்டார். நர்ஸ் சிரித்தார், நானும் சிரித்தேன். தேநீரில் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் உப்புதான் முன்னே நிற்கிறது. அவர் அதையும் கடைசிச் சொட்டு வரை குடித்துவிடுகிறார், திட்டினாலாவது எனக்கு ஆறுதலாக இருக்கும். கணுக்கால் வீங்கியிருக்கிறது, என்னிடம் மறைப்பதாக நினைத்துக்கொண்டு வேட்டியை இழுத்து இழுத்து விடுகிறார்.

நேற்று மண்டபத்தில் கூடினார்கள். பெட்டி எரிந்ததைப் பற்றி யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, பெனியாமினாவையும் கேட்கவில்லை, கேட்டதைக் கொடுத்ததில் குற்றம் ஏது? அவன் மட்டும் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். கடைசியில் தெக்கினைட்டி, “அரோயிட்டாவுக்கு எழுது. நீ பெத்தவ. அம்மா புபுட்டியா கேட்டா வராம இருப்பாளா” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். வராமல் இருப்பாளா என்றால், இருக்கமாட்டாய், வந்துவிடுவாய். அது எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். மார்ச் மாதத்துக்கு முன்னால் வேலையை விட்டு வந்தால் அங்கே நிரந்தரமாகத் தங்கும் காகிதம் உனக்குக் கிடைக்காது என்பதையும் சொன்னேன். “மார்ச் வரைக்கும் நாங்க எதக் குடிக்கிறது” என்று ஒரு பெண் கேட்டாள். கைக்குழந்தைக்காரி. எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கேட்டு வாங்கினார். தனித்தாளில் உன் பெயரை மட்டும் எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார், அந்தத் தாளையும் இதற்குள் வைத்திருக்கிறேன். மேலே என்ன எழுத நினைத்தார் என்று நான் கேட்கவில்லை.

ஆகவே மகளே, மண்டபத்தில் சொன்னபடி முறையாகக் கேட்கிறேன். குளித்துவிட்டேன், தலையில் எண்ணெய் தடவியிருக்கிறேன், பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறேன், உன்னைப் பெற்றவள் புபுட்டியாகக் கேட்கிறேன், நீ மறுக்க முடியாது: வராதே. மார்ச் வரை அங்கேயே இரு. இது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு அந்தக் கைக்குழந்தைக்காரிக்குப் பக்கத்தில்தான் வாளியோடு நிற்கப்போகிறேன், மகளிடம் கேட்டாயா என்று அவள் கேட்டால் கேட்டேன் என்பேன், அது பொய்யில்லை. டீச்சரம்மா, இதுவரை படித்திருந்தால் இதை மட்டும் மறந்துவிடுங்கள், இதுவும் புபுட்டிதான்.

உனக்கு நலமும் அமைதியும் நிறைவும் உண்டாகட்டும். கூரையில் இடுப்புக் கயிற்றை மறக்காதே. தண்ணீர் நிறையக் குடி.

உன் அம்மா,
தெரெங்கா